முகத்துக்குச் செலவான இரத்தம்

ஐம்பத்தாறு வயதில், என் கையில் இரத்தம் எடுத்து என் முகத்திலேயே குத்தும்படி கேட்டுப்போன மடையன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தாங்கள்தான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

மகளுக்குக் கனடாவில் கலியாணம் சரிவந்திருந்தது. வீடியோவில் மாப்பிள்ளையின் தாய், "பிள்ளை, பின்னாலை கதிரையிலை இருக்கிறவர் அப்பப்பாவோ?" என்று கேட்டார். "இல்லை மாமி, அப்பா" என்றாள் மகள். மனைவி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அடுத்த கிழமை நான் கொக்குவிலிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் ஒரு தோல் வைத்தியருக்கு முன்னால் இருந்தேன்.

"தோல் கொஞ்சம் மினுங்கும். மடிப்புகள் போகுமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். நேர்மையான மனிதர். எனக்கு 'மினுங்கும்' மட்டும்தான் கேட்டது.

எடுத்த இரத்தத்தை ஒரு மெசினில் சுழற்றினார்கள். குழாயின் அடியில் சிவப்பு தங்கியது. மேலே மஞ்சளாக, வடை பொரித்து ஆறிய எண்ணெய் போல ஒன்று நின்றது. அதைத்தான் ஊசியில் எடுத்தார்கள். நெற்றி, கன்னம், கண்ணுக்குக் கீழே என்று குத்தக் குத்த, தோலுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு பரவியது. இரத்தம் ஒரு துளி உதட்டோரம் வடிந்தது. துருப்பிடித்த ஆணியை நக்கிய சுவை. தாதி கிண்ணத்தை நீட்டுவதற்கிடையில் காலையில் தின்ற இடியப்பமும் சொதியும் என் சேட்டில் கிடந்தன. "கண்ணை மூடுங்கோ ஐயா" என்றாள். மூடினாலும் அந்த மஞ்சள்தான் தெரிந்தது.

இப்படி மாதத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. முடிவில் கன்னம் கொஞ்சம் மினுங்கியது உண்மை. வாயோரக் கோடுகள் அசையவில்லை. மாப்பிள்ளையின் தாய் வீடியோவில் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குக் காய்ச்சலோ பிள்ளை?" என்றார்.

என் அண்ணை சனசமூக நிலையத்தில் வருடாவருடம் இரத்ததான முகாம் நடத்துகிறவர். ஒரு விபத்தில், யாரோ கொடுத்த இரத்தத்தால் உயிர் தப்பியவர். ஒவ்வொரு வருடமும் முதலில் என்னைத்தான் கேட்பார். "ஊசியைக் கண்டால் மயங்கி விழுந்திடுவன் அண்ணை" என்பேன். பொய், எழும்பிப் போகச் சோம்பல், வெறும் பஞ்சி. அவர் அதை நம்பி, இரத்தம் கொடுத்தவர்களுக்கு பிஸ்கட் நீட்டுகிற வேலையை எனக்குத் தருவார். நானும் பாதியைத் தின்றுவிட்டு நீட்டுவேன்.

மூன்றாவது ஊசிக்கு இரண்டு நாள் கழித்து, முகாம் பட்டியலோடு சைக்கிளில் வந்து இறங்கினார். என் முகம் முழுக்க நீலமாய்க் கன்றிய கண்டலும் ஊசிப் புள்ளிகளும்.

"என்னடா, குளவி கொட்டினதோ?"

நான் ஓமென்று சொல்ல வாயெடுக்க முன், மனைவி குசினிக்குள்ளிருந்து, "தன்ரை இரத்தத்தை எடுப்பிச்சுத் தன்ரை முகத்திலையே குத்துவிச்சவர் அண்ணை. மூண்டு தரம்" என்றாள்.

அண்ணை பட்டியலைப் பார்த்தார். வழமை போல முதலாவதாக என் பெயர்தான் எழுதியிருந்தார். பேனையை எடுத்து அதை வெட்டினார். அந்த மஞ்சள் தண்ணீரைக் கண்டபோது வந்ததைவிட மோசமான குமட்டல் என்மேலேயே எனக்கு வந்தது.

"இந்த முறை கட்டாயம் குடுப்பன் அண்ணை. இப்ப எனக்கு ஊசிப் பயமில்லை" என்றேன்.

"வைச்சிரு, முகத்துக்குத் தேவைப்படும்" என்றார்.