பிழைதிருத்துபவர் திருத்திய நட்சத்திரம்

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவருக்கு, தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் தப்பு செய்கிறவர்கள் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் சிவப்புப் பேனாவைத்தான் தேடுவார். வேலையை விட்ட பிறகு திருத்த மிச்சமிருந்தது மனைவி மட்டுந்தான்.

அவருடைய ஒரே பெருமை, மொட்டை மாடியிலிருந்து பத்தொன்பது வருடமாகப் பார்த்துவந்த ஓர் இரட்டை நட்சத்திரம். மூன்று நாளைக்கொரு முறை அதில் மங்கலானது பிரகாசமானதை மறைக்கும். சில மணி நேரம் ஒளி இறங்கித் திரும்ப ஏறும். எப்போது அதிகமாக மங்கியது என்று பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுக் குறித்து, நட்சத்திர நோக்கர் சங்கத்துக்கு அனுப்புவார். எப்போது மங்கும் என்று கணித்துப் போட்ட அட்டவணையை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. நம்மவர் பார்ப்பார். விதியெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவர் கட்சி. பழைய அட்டவணைப் புத்தகம் அவருக்கு மனப்பாடம்.

இந்த வருடம் அவர் கண்ணில் புரை விழுந்தது. குறிப்பு போகாவிட்டால் சங்கத்தின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பெயர் போனால் தனக்கென்று ஒன்றுமே இல்லை என்று மனுஷன் நிஜமாகவே பயந்தார். வேறு வழியில்லாமல் பைனாகுலரை மனைவியிடம் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"இடப்பக்கத்துக்காரியைவிட மங்கல். கீழ இருக்கறவளைவிடக் கொஞ்சம் தேவலை."

"நான் நட்சத்திரத்தைக் கேட்டேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

பத்து நிமிடத்துக்கொரு தரம் பார்த்து அந்த அம்மாளே பென்சிலால் எழுதிவைத்தாள். மறுநாள் அவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். அட்டவணைப்படி எட்டேகாலுக்கு மங்க வேண்டியது, ஏழரைக்கே மங்கியதாக இருந்தது.

"கடிகாரத்தைச் சரியா பாத்தியா?"

"உங்க கடிகாரந்தான். நேத்து சாயங்காலம் நீங்கதானே சரி பண்ணீங்க."

நட்சத்திரமும் தப்பு செய்யாது, கடிகாரமும் செய்யாது. அப்படியானால் செய்தது யார் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ரப்பரால் எல்லா நேரத்தையும் அழித்து, முக்கால் மணி தள்ளி எழுதி அனுப்பிவைத்தார்.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை மனைவிதான் வாசித்தாள். நட்சத்திரம் ஏழு வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொண்டு வருகிறது. இப்போது முக்கால் மணி நேரம். எல்லா நோக்கர்களும் அதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் குறிப்புகள் மட்டும் எல்லா வருடமும் பழைய அட்டவணையோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போகின்றன. விளக்கம் தேவை.

அவள் கடிதத்தை மடித்தாள். "நான் பாத்ததை நீங்க நம்பல, சரி. இத்தனை வருஷமா நீங்க என்னதாங்க பாத்தீங்க?"

கோபப்பட வாயைத் திறந்தார், கோபம் வரவில்லை. கூச்சந்தான் வந்தது. அவளையே பதில் எழுதச் சொன்னார்: "இந்த வருடம் பார்த்தவர் என் மனைவி. அதைக் கெடுத்தவன் நான். மற்ற வருடங்களில் நான் பார்க்கவே இல்லை. என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடவும்."

'கெடுத்தவன்' என்கிற இடத்தில் அவள் கொஞ்சம் தயவு காட்டி மாற்றுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவள் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, உறையில் போட்டு ஒட்டினாள்.