கன்னியம்மாவின் கலயம்

அந்த வருஷம் மாசி பிறந்ததிலிருந்து கோவிந்தம்மாளின் வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளையாகவே இருந்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேகைகளுக்குள் புகுந்த சுண்ணாம்பு போகவில்லை. கிணற்றடியில் யாராவது கேலி செய்தால், "இந்தக் கைதாண்டி எனக்கு சோறு போடுது" என்பாள்.

சர்க்கார் மதுவிலக்கு என்று கள்ளுக்கடைகளை மறுபடியும் மூடியபோது அவள் புருஷன் சுப்பனுக்குப் பனைமரத்தைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனான். மரத்தில் அணில் மாதிரி ஏறுகிறவனுக்குத் தரையில் கை ஓடவில்லை. கணுவைப் பார்த்து வெட்டத் தெரியவில்லை என்று மேஸ்திரி நாலு பேர் முன்னால் வைவான். சுப்பன் வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்வான். அப்படி இரண்டு வருஷம் போனது. நாற்பத்தெட்டாம் வருஷம்தான் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தார், பதநீர் இறக்க மட்டும் என்று, அவன் அப்பா துளசிங்கத்தின் பழைய தோப்பில் சில மரங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு கலயத்துக்குள்ளும் சுண்ணாம்பு பூசியிருக்க வேண்டும். பூசினால் பதநீர், பூசாவிட்டால் விடிவதற்குள் கள். பூசாத கலயம் ஒன்று அகப்பட்டாலும் அனுமதி போய்விடும். சுப்பன் திரும்பவும் கரும்புக் கொல்லைக்குத்தான் போக வேண்டும்.

அதனால் பூசுகிற வேலையை அவள் வேறு யாரிடமும் விடவில்லை. ஆனாலும் முதல் பாளை சீவிய அன்று ஒரு கலயத்தை அவளே பூசாமல் கொடுத்தாள். அது கன்னியம்மாவுக்கு. தோப்புக்குக் கீழ்க்கோடியில் மூன்றாவது மரத்தடியில் ஏழு கல் நட்டிருக்கும். வருஷத்தின் முதல் கலயம் அந்தக் கன்னிமாருடையது. மறுநாள் உச்சிவேளையில் கற்பூரம் காட்டி வேரில் ஊற்ற வேண்டும். துளசிங்கம் காலத்திலிருந்து அப்படித்தான். கன்னியம்மாவுக்குச் சட்டம் தெரியுமா என்ன?

மறுநாள் காலையில் கலயங்களை இறக்கி வைத்துவிட்டு உச்சிவேளைக்குக் காத்திருந்தபோது, வேட்டி கட்டி மேலே கோட்டுப் போட்ட ஒரு பெரியவரும், அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு இன்னொரு ஆளும் வரப்பில் வந்தார்கள். பெரியவர் கையில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதைப் பார்ப்பதும் மரங்களைப் பார்ப்பதுமாக வந்தார்.

"பாவா, செக்கிங்கு வந்துட்டாங்க" என்றாள் கோவிந்தம்மாள் சுப்பனிடம். மூன்றாவது மரத்தடியில் கன்னியம்மாவின் கலயம் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. முந்தானையை உதறிக் கட்டுகிற மாதிரி அதன் முன்னால் போய் நின்றாள்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார். "திருத்தணி. ஸ்டேஷனிலிருந்து கிழக்கே நடை தூரம். துளசிங்கம் தோப்பு. மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து குடிக்கலாம். மூன்றாவது மரத்துக் கள்ளுக்கு இந்த ரயில் பாதையிலேயே ஈடு கிடையாது." பிறகு அவளைப் பார்த்து, "இதுதானேம்மா மூணாவது மரம்?" என்றார்.

அவள் முந்தானையை இன்னும் அகலமாக விரித்தாள். சர்க்கார் புத்தகத்தில் மரத்தைக்கூட எண்ணி எழுதி வைத்திருக்கிறார்களே! ஆனால் சுப்பனுக்குப் பயமே வரவில்லை. "இன்னா சொன்னீங்க? எங்க நைனா பேரு புக்குல கீதா?" என்று கிட்டே ஓடினான்.

அதற்குள் குடைக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாதம்மா. இவரு சிவப்பிரகாசம், எங்க அக்கா வீட்டுக்காரரு. என் பேரு கங்காதரன். பெரம்பூர்லேர்ந்து வர்றோம். கடை எல்லாம் திறந்திருந்த காலத்துல எவனோ ஒரு ரசிகன், எந்த ஸ்டேஷன்ல இறங்கினா எங்க நல்ல கள்ளு கிடைக்கும்னு அச்சுப் போட்டு வித்திருக்கான். அத்தான் அதை வேதமா வச்சிக்கினு இருக்காரு."

"ரிட்டையர் ஆனதும் ஒவ்வொரு ஊரா இறங்கி ஒரு ஓலைப் பட்டை குடிக்கணும்னு ஆசை. நான் ரிட்டையர் ஆனேன், அவங்க கடையை மூடினாங்க" என்றார் சிவப்பிரகாசம். "மணவூர்ல புக்குல போட்ட எடத்துல இப்ப சைக்கிள் கடை. கனகம்மாசத்திரத்துல எங்களை நாய் துரத்திச்சு. எடத்தையாவது பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்."

கோவிந்தம்மாளுக்கு உயிர் திரும்பியது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. கங்காதரன் மூக்கை நிமிர்த்தினான். "அத்தான், வாசனை வருது! இந்தம்மா பின்னால கீது பாரு!"

பெரியவரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. சுப்பனோ உருகிப்போனான். "கோவிந்தம்மா, ஒரே ஒரு பட்டை ஊத்தேன். நைனாவைப் பத்தி எழுதினது பொய்னு ஆகலாமா?"

"பாவா, இன்னிக்கு இவருக்கு ஊத்துவே. நாளைக்கு புக்கை எடுத்துக்கினு இன்னொருத்தர் வருவாரு. அப்புறம் கரும்பு மேஸ்திரி உன்னை வைவான், நீ என்கிட்ட பேசாம படுத்துக்கினு இருப்பே. அந்த ரெண்டு வருஷம் எனக்குப் போதும்."

சுப்பன் மரத்தடியைவிட்டு விலகி நின்றான். உச்சிவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றிக் காட்டி, கலயத்தைத் தூக்கி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேரில் கவிழ்த்தாள். மண் சுர்ரென்று நுரையைக் குடித்தது. கங்காதரன், "ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உட்காருங்க ஐயா" என்றாள் கோவிந்தம்மாள். "இது கன்னியம்மாவோடது. உங்களோடது இங்க கீது."

மூன்றாவது மரத்தின் வேறொரு கலயத்திலிருந்து தெளிந்த பதநீரை வடிகட்டி, ஓலையை மடித்துப் பட்டை செய்து ஊற்றினாள். பெரியவர் உதடு பிதுக்கியபடிதான் வாங்கினார். ஒரு வாய் குடித்ததும் மலையைப் பார்த்தார். பட்டை காலியானதும் நீட்டினார். அவள் மறுபடி ஊற்றினாள். மூன்றாவது முறை அவர் நீட்டுவதற்குள் கங்காதரன் தன் பட்டையை நடுவில் நுழைத்தான்.

"சுண்ணாம்பு நாத்தமே இல்லையே?" என்றார் பெரியவர்.

"அதிகமா பூசினா வாய் வெந்துடும். கம்மியா பூசினா பொங்கிடும். கைக்குத் தெரியும்."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, 'கள்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு மேலே 'பதநீர்' என்று எழுதினார். 'ஈடு கிடையாது' என்பதை அப்படியே விட்டுவிட்டார். சுப்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. "நைனா பேரை அடிக்கலையே?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"எழுதறதுதான் எழுதுறீங்க, பூசினவ பேரையும் எழுதுங்க" என்றாள் அவள்.

பங்குனியில் நிஜமான செக்கிங் வந்தது. வந்தவர் ஒவ்வொரு கலயத்திலும் விரலைவிட்டுப் பார்த்தார். விரல் வெள்ளையாகவே வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் வேலை பார்த்த பெரம்பூர் ரயில் பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் ரயிலைவிட்டு இறங்கி, 'கோவிந்தம்மாள் தோப்பு எது?' என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சுப்பன் மரத்தின் மேலிருந்தே, "இங்கதான், வாங்க!" என்று கத்தினான். மலைப்படிவரைக்கும் கேட்டிருக்கும்.

மறு வருஷம் முதல் பாளை சீவிய அன்று கோவிந்தம்மாள் கன்னியம்மாவின் கலயத்துக்கும் சுண்ணாம்பு பூசினாள். சுப்பன் பதறி, "இன்னாமே இது, சாமி கோவிச்சிக்காதா?" என்றான்.

"பெரம்பூர்லேர்ந்து ரயிலேறி வந்து குடிக்கிறாங்க. இங்கியே கீற சாமி குடிக்காதா?" என்று சொல்லி, கலயத்தை அவன் இடுப்பில் மாட்டிவிட்டாள்.