பிடுங்காமல் விட்ட மூலை

கடலுக்குள் இறங்கிக் களை பிடுங்கிய பெண்ணை என் ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன். அவள் பெயர் கலாராணி. விடத்தல்தீவில் என் கடலட்டைப் பண்ணைக்கு அடுத்த பண்ணை அவளுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு வலைதான்.

அவளுடைய தாய் மலைநாட்டில் தேயிலைக்குள் புல்லு வெட்டியவள். அந்தக் குடும்பம் அடம்பன் பக்கம் வந்து குடியேறிய பிறகுதான் கலாராணி பிறந்தாள். ஊரார் வயல்களில் கூலிக்குக் களை எடுத்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊர் மீனவர் சங்கம் பெண்களுக்குப் பண்ணை கொடுத்தபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடியில் கற்களைப் பற்றி வளர்ந்திருந்த பழுப்புப் பாசியை எல்லாம் பிடுங்கிக் கரையில் குவித்தாள். பிறகுதான் அட்டைக்குஞ்சுகளை விட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவளுடைய பண்ணை பெருக்கிய முற்றம் போலக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானும் பிடுங்கத் தொடங்கினேன். கரைவரை சுமக்கப் பஞ்சி, சோம்பல். ஆள் இல்லாத நேரம் பார்த்து, கல்லோடு சேர்த்து வலைக்கு மேலால் அவளுடைய மூலைக்குள் எறிந்தேன். கடல் தெரியாதவளுக்குப் பண்ணை எதற்கு என்ற எரிச்சலும் இருந்தது, மறைப்பானேன்.

அவள் விட்ட ஐந்நூறு குஞ்சுகளில் இரண்டு மாதத்தில் நாற்பதுதான் மிஞ்சின. அடுத்த முறையும் இப்படியென்றால் பண்ணையை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். கலாராணி கரையில் குந்தியிருந்து அழுதாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

வேறு ஆளென்றால் விட்டுவிட்டுப் போயிருக்கும். இவளோ நானூற்றறுபது ஏன் போயின என்று கேட்கவில்லை, நாற்பது ஏன் தப்பின என்று கேட்டாள். மிஞ்சியவை எங்கெங்கே கிடக்கின்றன என்று நான்கு நாள் தேடிப் பார்த்தாள். அத்தனையும் ஒரே மூலையில், நான் எறிந்த பாசிக்குக் கீழே.

ஒரு கொத்துப் பாசியை வெள்ளைப் பேசினுக்குள் உதறிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கடுகளவு நத்தைகள், கண்ணாடி போன்ற இறால்கள், மயிர் போன்ற கால்கள் கொண்ட ஒரு நட்சத்திர மீன், நகத்தளவு நண்டு. ஒரு காம்பில் விரல் நீள அட்டைக்குஞ்சு ஒட்டிக்கொண்டு, இலையில் படிந்த வழுவழுப்பை மேய்ந்துகொண்டிருந்தது. வெறும் மணலில் கிடந்த குஞ்சைப் பெரிய நண்டு கிழித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னாள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் கேட்டாள். நாற்பது வருடம் கடலில் கிடந்த எனக்குப் பாதிக்குமேல் தெரியவில்லை.

“அண்ணை, இதுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு. நான் வீட்டைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு ஆக்களைத் தேடியிருக்கிறன்.”

இந்தப் பாசி எப்படி இங்கே வந்தது என்று அவள் கேட்கவில்லை. நான் வலையைச் சரிபார்ப்பதுபோல் என் பக்கம் நழுவினேன்.

அடுத்த குஞ்சுகளை விடுமுன் அவள் அந்த மூலையிலிருந்த கற்களைப் பாசியோடு தூக்கிப் பண்ணை முழுக்கப் பரப்பினாள். நான்காம் மாதம் சங்கத்தார் வந்து பார்த்தபோது முந்நூறுக்கு மேல் இருந்தன. வலைக்கு இந்தப் பக்கம், பாசியைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு நான் அப்படியே விட்ட, பளபளவென்று சுத்தமான என் பண்ணையில், ஒரு வாளிகூட நிரம்பவில்லை. “யாகப்பர், அடுத்த முறை பாப்பம்” என்று தலைவர் எனக்குச் சொன்னார். அந்தப் பேச்சின் பொருள் எனக்குத் தெரியும்.

மறுநாள் கடல் வற்றிய நேரம் நான் தண்ணீரில் சும்மா நின்றேன். கலாராணி பேசின் நிறையக் கல்லும் பாசியுமாக வலையடிக்கு வந்தாள்.

“இந்தாங்கோ அண்ணை, உங்கட பாசி. நீங்கள் எறியிறதை முதல் நாளே கண்டனான். சண்டை வேண்டாமெண்டு பிடுங்காமல் விட்டனான்.”

பேசினை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவள் அடுத்த கல்லை எடுக்கக் குனிந்துவிட்டாள்.