வாய்ச்சொல் போதாதென்று கேட்ட கடிதம்

எங்கள் குழந்தை ஏழு மாதம் இருந்தாள். திருச்சியில் பிறந்து, திருச்சியிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் காலில் கிடந்த வெள்ளித் தண்டை இரண்டையும் என் மனைவி ஒரு கைக்குட்டையில் முடிந்து ஷார்ஜாவுக்குக் கொண்டுவந்தாள். எப்போதும் கைப்பையில்தான் இருக்கும். காய்கறி வாங்கப் போனாலும் கூடவே போகும். "வீட்டுல வச்சுட்டு வாயேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, ஒரு வெள்ளிக்கிழமை. முவைலாவில் எங்கள் பக்கத்து ஃப்ளாட்காரர்களோடு தைத் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு பேரீச்சந்தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் கோடியில் இடிந்துபோன மண்கோட்டை ஒன்று இருந்தது. அதன் நிழலில் பாயை விரித்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. பேப்பர் தட்டெல்லாம் பறக்க, குழந்தைகள் சிரித்துக்கொண்டே துரத்தினார்கள். வீட்டுக்கு வந்து அவள் பையைத் திறந்தால் முடிச்சைக் காணோம். பையிலிருந்து எதையோ எடுக்கும்போது அங்கேயே விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் டியூட்டிக்கு லீவு போட்டுவிட்டு ஓடினோம். கைக்குட்டை கிடைத்தது. ஒரு முள்செடியில் மாட்டிக்கொண்டு ஆடியது. முடிச்சு அவிழ்ந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பாய் விரித்த இடத்துக்கும் அந்தச் செடிக்கும் நடுவே நாற்பது அடி மணல். அதை நாங்கள் இரண்டு பேரும் மதியம் வரைக்கும் கையால் துழாவினோம். தோட்டத்து வாட்ச்மேன், வயதான ஒரு பாகிஸ்தான் பட்டான், பாவம், அவரும் உட்கார்ந்து துழாவினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று எங்கள் கைத்தடத்தை மூடிவிட்டுப் போனது.

"அழாதே, என்கிட்ட மெஷின் இருக்கு" என்றேன். பொய்யில்லை. குழாய் பதிக்கும் கம்பெனியில் சர்வே வேலை எனக்கு. ரோட்டுக்கடியில் புதைந்துபோன மூடிகளையும் குழாய்களையும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவதுதான் பிழைப்பு. ஒரு மணி நேரம் போதும், எடுத்துவிடலாம். ஆனால் வாட்ச்மேன் தலையை ஆட்டினார். "மெஷின் மாஃபி." மெஷின் கூடாதாம். புதையல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எவனெவனோ மெஷினோடு வந்து அந்தக் கோட்டையைச் சுற்றிக் குழி பறித்திருக்கிறான். முதலாளி சொன்னாலொழிய மெஷினை உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார்.

முதலாளியை, அங்கே சொல்கிற மாதிரி சொன்னால் அர்பாபை, ஐந்தாம் நாள் பார்த்தோம். பம்பாயில் வியாபாரம் செய்த பெரியவர், இந்தி நன்றாகவே பேசினார். என் ஓட்டை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி அந்தக் கைக்குட்டையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "குழந்தையோடதா?" என்று கேட்டார். தலையாட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நாளைக்கே போ. மெஷினைக் கொண்டு போ. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிடறேன். யல்லா, கிளம்பு" என்றார். அவ்வளவுதான். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான் எழுந்தேனா? எழவில்லை. "அர்பாப், இதை ஒரு லெட்டரா எழுதி, சீல் வச்சுக் குடுத்தா நல்லா இருக்கும்" என்றேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவன் புத்தி வேறெப்படி இருக்கும்? ஒரு மண்வெட்டி மண் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீர்க்காரன், கரண்டுக்காரன், டெலிபோன்காரன், முனிசிபாலிட்டி என்று ஒவ்வொருவனிடமும் ஆட்சேபம் இல்லை என்று ஒரு என்ஓசி. சீல் இல்லாத காகிதத்தைச் சைட்டில் எவனும் தொடமாட்டான். மெஷினும் கம்பெனி மெஷின். லீவு நாளில் அதைத் தூக்கிக்கொண்டு பழைய கோட்டைப் பக்கம் நிற்கும்போது போலீஸ் வந்தால் விசா போச்சு, வேலை போச்சு. பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அர்பாப் முகத்தில் இருந்த இளக்கம் போய்விட்டது. "என் நிலத்துல என் பேச்சு பத்தாதா?" என்றார். நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். ஆபீஸில் எழுதித் தரச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். காரில் வரும்போது இவள், "அதான் அவரே போன்னு சொல்லிட்டாரே, நாளைக்கே போவோங்க" என்றாள். "இரு, எல்லாத்தையும் முறைப்படி செய்வோம்" என்றேன்.

கடிதம் கைக்கு வர ஒரு வாரம். அதோடு நிறுத்தினேனா? பழைய கோட்டை ஆயிற்றே, தொல்பொருள் ஆபீஸ் கையெழுத்தும் இருந்தால் பத்திரம் என்று எனக்கே தோன்றியது. யாரும் சொல்லவில்லை, நானேதான். அங்கே இருந்த அதிகாரி தங்கமான மனுஷர். டீ கொடுத்தார். அப்படியொரு கோட்டை தன் பதிவேட்டிலேயே இல்லையே, எங்கே இருக்கிறது என்று கேட்டார். சர்வேக்காரன் இல்லையா நான்? என் கையாலேயே வரைபடம் போட்டுக் கொடுத்தேன். வடக்கே அம்புக்குறி வரைக்கும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆட்கள் போய் அளந்தார்கள். இன்னும் ஒரு மாதத்தில் கோட்டையைச் சுற்றி நூறு அடிக்குக் கம்பிவேலி போட்டு, உள்ளே நுழையக் கூடாது என்று அரபியிலும் இங்கிலீஷிலும் பலகை வைத்துவிட்டார்கள். நாங்கள் துழாவிய மணலில் ஒரு பிடி கூட வேலிக்கு இந்தப் பக்கம் இல்லை, முழுக்க உள்ளே போயிற்று. எனக்கு வந்த பதிலில், வரலாற்று இடத்தில் மெட்டல் டிடெக்டர் யாருக்கும் அனுமதியில்லை என்று இருந்தது. அந்த அதிகாரியிடம் ஓடினேன். உங்கள் ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும், மேலாக ஒரு சாண் மட்டும் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "உனக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான்" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? கோபப்பட எனக்கு ஒரு ஆள் கூடக் கிடைக்கவில்லை.

அர்பாப் ஒரே ஒரு தடவை போன் செய்தார். "உனக்கு நான் கதவைத் திறந்தேன். நீ என் தோட்டத்துக்குள்ளயே எனக்கு வேலி போட்டுட்டே. கலாஸ், முடிஞ்சுது." வைத்துவிட்டார்.

இதையெல்லாம் இவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபீஸில் ஃபைல் நகர்கிறது, நகர்கிறது என்றே ஓட்டினேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவளே கிளம்பி நின்றாள். கூட்டிக்கொண்டு போனேன். வேலியைப் பார்த்தாள். பலகையைப் படித்தாள். கம்பிக்குள் கையை விட்டு எட்டினவரைக்கும் மணலைத் தடவினாள், முழங்கை வரை கீறல். புதுசாகப் போட்டிருந்த காவல்காரன் ஓடிவந்து தொடாதே என்றான். கையை எடுத்துக்கொண்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்து, கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு ஏழு மாசக் குழந்தைக்கு நெருப்பாக் கொதிச்சப்பவும் நீங்க இதையேதான் சொன்னீங்க. இரு, காலைல டாக்டர் வரட்டும், முறையா காட்டுவோம்னு."

நான் வண்டியை எடுத்தேன்.