ஜோகூரில் உருண்ட பகடை

தொற்றுநோய் பரவியதால் ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பாலத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த நாளில் யோசிக்க எனக்கு ஒரு பகல்தான் இருந்தது. மனைவியும் மகளும் ஜோகூரில். வேலை சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் ஒரு கடையில். அதுவரை தினமும் பாலத்தைக் கடந்து வந்துபோனவன். அந்தப் பக்கம் இருந்துவிட்டால் வேலை போய்விடும். இந்தப் பக்கம் இருந்தால் இரண்டே வாரம், எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். இந்தப் பக்கம் தங்கிவிட்டேன்.

உட்லண்ட்ஸில், பன்னிரண்டாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழர், தனியாக இருந்தார். சன்னலைத் திறந்தால் தண்ணீருக்கு அப்பால் ஜோகூர் கட்டடங்கள் தெரியும். முதல் வாரம் அது ஆறுதலாக இருந்தது. அப்புறம் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

கடையும் மூடிவிட்டது. கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பது தப்படி. எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். ஒருநாள் வீட்டுக்காரர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"என் மகன் கனடாவுல படிச்சப்ப வாங்கினது. ஐஸ் ஹாக்கி. விளையாடிப் பாருங்க லா, சும்மா சுவத்தையே பாத்துட்டு இருக்கீங்க."

ஐஸ் ஹாக்கியை நான் தொலைக்காட்சியில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. பெட்டிக்குள் பனித்தரை வரைந்த அட்டை, இரண்டு பகடைகள், ஆளுக்கு ஒன்றாக ஆட்டக்காரர் சீட்டுகள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணைச் சீட்டில் பார்க்க வேண்டும். பந்தை அடுத்தவனுக்குத் தள்ளினானா, வலையை நோக்கி அடித்தானா, முரட்டாட்டம் ஆடி வெளியே உட்கார வைக்கப்பட்டானா, எல்லாம் அதில் இருக்கும். பந்து என்கிறேன், உண்மையில் அது தட்டையான ஒரு கறுப்பு வில்லை. எனக்கு அது கடைசிவரை பந்துதான்.

இரண்டு மாதம் கழித்துக் கடை திறந்தது. கல்யாணங்கள் சுருங்கிப்போயிருந்தன, வேலை பாதிநாள்தான். வெட்டி எறிந்த அழைப்பிதழ் ஓரங்களை எடுத்துவந்து புதுச் சீட்டுகள் செய்தேன். பொன்நிறக் கரை போட்ட ஆட்டக்காரர்கள். எட்டு அணிகள்: உட்லண்ட்ஸ், காத்தோங் என்று ஊர்ப்பெயர்கள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழோடும் நான்கு முறை மோத வேண்டும். மனைவி அழைக்கும்போதுகூட, "இந்த ஆட்டம் முடியட்டும்" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். அடைபட்ட அறைக்குள் நானே இன்னொரு சின்ன அறையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. வீடியோ அழைப்பில் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஓர் அணி வேண்டும் என்றாள். எட்டில் ஒன்றைக் கொடுத்தேன், அதற்கு ஜோகூர் என்று பெயர் மாற்றினாள். சாயங்காலம் நான் இங்கே பகடை உருட்ட, அவள் அங்கே யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று சொல்வாள். ஜோகூர் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் ஜெயித்தது.

பத்தாவது ஆட்டத்தில் அவள் திடீரென்று, "ப்பா, போனைக் கீழ திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன்.

"இது எத்தனாவது தடவை உருட்டினது?"

பொய் வாய்வரை வந்தது. "மூணாவது. நல்ல எண் விழுறவரைக்கும்" என்றேன்.

அவள் கேட்டாள்: "அடுத்த மாசம் வந்துடுவேன், அடுத்த மாசம் வந்துடுவேன்னு சொல்றீங்களே, அதுவும் இப்படித்தானா?"

பின்னால் மனைவி அவளை அதட்டுவது கேட்டது. நான் போனை நிமிர்த்தி மகளின் முகத்தைப் பார்த்தேன். "எப்ப வருவேன்னு எனக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியல."

ஊர் திரும்புவதைப் பற்றி எட்டு மாதத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். இரண்டு நாள் பேசவேயில்லை. அந்த இரண்டு நாளும் நான் பகடையைத் தொடவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன்.

மூன்றாம் நாள் அவளே அழைத்தாள். பாம்பு ஏணிப் பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்து வைத்திருந்தாள். "என் டீமுக்கு நான்தான் உருட்டுவேன். கேமரா முன்னாடி. நீங்களும் அப்படித்தான்."

அதற்குப் பிறகு ஜோகூர் தோற்க ஆரம்பித்தது. அவள் கத்தினாள், காலை உதைத்தாள், ஒருமுறை அழுதாள். ஆறாவது இடத்தில் முடித்தாள். ஆனால் ஆட்டத்துக்கு நடுவே பள்ளியில் நடந்ததை, அம்மா தனியாக உட்கார்ந்து அழுததைச் சொன்னாள். இந்த அறையில் மூச்சு முட்டுகிறது என்று நானும் சொன்னேன். "எனக்கும்தான்பா இங்க" என்றாள்.

பாலம் திறக்க மேலும் ஓராண்டுக்குமேல் ஆனது. பேருந்தில் பாலத்தைக் கடந்து இறங்கினேன். போனில் கழுத்துக்கு மேல் மட்டுமே பார்த்திருந்தவள் என் காதுவரை வளர்ந்து நின்றாள். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. "பையைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மதியம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டுப் படுக்கையறைக்குப் போனேன். சற்று நேரத்தில் மனைவி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"எதுக்குக் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கீங்க? நாங்க ரெண்டு பேரும் வெளியதானே இருக்கோம்."

நான் சாத்தியதே எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்தேன். அந்தப் பழக்கம் போக இன்னும் பல வாரங்கள் ஆயின.