நடுவில் நின்ற நாக்கு

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். இரண்டு பக்கமும் என்னை நம்பின. இரண்டு பக்கத்தையும் ஏமாற்றினேன்!

அண்மையில் பண்டாரவளைக் கடையொன்றில் பத்திரிகையை உரக்க வாசித்தார்கள். சிம்லாவில் திபெத்தியத் தலைவர்களும் சீன அதிகாரிகளும் வெள்ளைக்காரரை வைத்துக்கொண்டு பேசுகிறார்களாம். தங்கள் மண் தங்களுக்கே என்கிறார்களாம் திபெத்தியர். யார் பக்கம் நியாயம் என்று கடையில் ஒரே வாதம். எனக்கோ... ஒருவர் பேச்சை மற்றவருக்குச் சொல்பவன் ஒழுங்காகச் சொல்கிறானா என்ற நினைப்பு மட்டுமே. இருக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கேளுங்கள். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. ஆங்கிலம் தெரிந்ததால் வெள்ளைக்காரத் துரைக்கும், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்கும் நடுவே நின்று பேசுவதும் என் வேலை.

சனங்கள் தம் பிள்ளைகளைப் புதைத்திருந்த மேட்டில் தேயிலைக் கன்று நட முடிவு செய்தார் துரை. அவரிடம் பேச, சனங்களின் சார்பில் பங்களாவுக்கு வந்தவள் செல்லாயி. அவள் பெற்ற இரண்டும் அந்த மேட்டில்தான் கிடந்தன.

“கெஞ்ச வரலீங்க. அந்த மேட்டை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து ஒருத்தரும் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரமாட்டோம்.”

கலகப் பேச்சைக் கொண்டுவந்தவன் என்று என்னையும் துரத்திவிட்டால்...?

“வருத்தம்தான், ஆனாலும் துரை சொன்னபடி நடப்பார்கள்” என்றேன் ஆங்கிலத்தில்.

துரைக்கு வியப்பு. “அப்படியா? வேலையை நிறுத்துவார்களென்றால் அந்த மேட்டை விட்டுவிடலாம் என்றிருந்தேன். சரி, வெட்டச் சொல்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? சொன்னால் முதல் பொய் வெளிப்படும்... செல்லாயியின் பக்கம் திரும்பி, “துரை சம்மதிச்சிட்டார்” என்றேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை!

மேட்டில் மண்வெட்டி விழுந்தபோது குறுக்கே போய் விழுந்தவளும் அவளே. ஒப்புக்கொண்டுவிட்டு மீறுகிறாளே என்று துரை கொதித்தார். அன்றே தோட்டத்தைவிட்டுப் போகச் சொன்னார். அந்த உத்தரவை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“தொரைதான் பேச்சு மாறிட்டாருங்க ஐயா. நீங்க எங்களுக்காக அவ்வளவு பேசுனீங்க...”

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்! அவள் போய்விட்டாள். எங்கே போனாள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

மேட்டில் இப்போது தேயிலை இடுப்பளவு நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. லயத்தில் இன்றும் எனக்கு நல்ல பெயர்தான்.