இறந்தகாலத்தில் எழுதுக

என் கணவர் விராலிமலை ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான்காம் வகுப்பு படிக்கும் மகள் அப்போதுதான் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். தமிழில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். நிகழ்காலத்தில் இருக்கும் வாக்கியங்களை இறந்தகாலத்துக்கு மாற்றி எழுத வேண்டும்.

‘அப்பா வருகிறார்’ என்பதை ‘அப்பா வந்தார்’ என்று தயங்காமல் மாற்றிவிட்டாள். ‘அம்மா சமைக்கிறார்’ என்பதை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். டீச்சர் அதைத் தப்பு என்று அடித்து, அந்த வரியையே ஒரு பக்கம் நிறையச் சரியாக எழுதி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

“இதுகூடவாடி தெரியல?” என்று நானும் எரிந்து விழுந்தேன்.

“நீதான் இருக்கியேம்மா. ஒன்னைய எதுக்கு இறந்தகாலத்துல எழுதணும்?” என்றாள்.

இறந்தகாலம் என்று பெயர் வைத்த புண்ணியவான் மேல் ஆத்திரம் வந்தது. எங்கள் வீட்டு நிலைமை தெரிந்தும் இதைக் கொடுத்தனுப்பிய டீச்சர் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

“முடிஞ்சு போனதுன்னு அர்த்தம், அவ்வளவுதான்,” என்றேன்.

“முடிஞ்சு போனதுன்னா?”

“எழுதிட்டுப் போ, நாளைக்குத் திட்டு வாங்காத,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

‘அம்மா சமைத்தார்’ என்று ஒரு வரி எழுதுவாள். எழுந்து வந்து எட்டிப் பார்ப்பாள். நான் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வரி எழுதப் போவாள். சோறு வடித்து வெகுநேரம் ஆகியும், அந்தப் பக்கம் நிறையும்வரை நான் அடுப்பை விட்டு நகரவில்லை.